கை எங்க இருக்குது, நைனா?

ஆயுத பூஜை அன்று கல்லெறி எந்திரத்தின் பக்கத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: அண்ணன், கிரேன் ஓட்டும் குமரேசன், நான். இல்லாதவர் செல்வி அக்கா. தங்கை மகனுக்கு மொட்டை போடப் பெரியபாளையம் போயிருந்தார். வாழைமரம் கட்டிய ஷெட் வாசலில் மேனேஜரையும் சேர்த்து நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை. எந்திரத்தைத் தொடுகிறவர்கள்தான் ஆள், மற்றவர்கள் கூட்டம் என்பது அண்ணன் வைத்த விதி. யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை எந்திரத்துக்கு எழுதும் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்பதும் அவர் விதிதான்.

எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்; பெயரை எழுதவில்லை. எழுதினால் பயப்படுவார். "பேப்பர்ல பேரு ஏறிச்சுனா அப்பால அது ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்டு தான், நைனா" என்று சொல்லுவார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் கம்பெனி எங்களுடையது. நான் டிப்ளமா முடித்துவிட்டு இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். திருப்பாச்சூர் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். முதல் நாள், பிரஸ் வரிசையின் கடைசியில் அச்சு மாட்டிக்கொண்டிருந்த ஒருவர் என்னை நிறுத்தினார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கையக் காட்டு."

இரண்டு கையையும் நீட்டினேன். ரேகை பார்க்கிறாரோ என்று நினைத்தேன். கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார். பத்து வந்ததும், "செரி, போ. போறப்பவும் இத்தினி இருக்கணும்" என்றார்.

இருபத்திரண்டு வருடம் பிரஸ்ஸில் அச்சு மாட்டும் டை ஃபிட்டராக இருந்து பத்து விரலோடு இருந்தவர் எனக்குத் தெரிந்து அந்த அண்ணன் ஒருவர்தான். அதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை, பயத்தோடுதான் சொல்வார். ஷிப்ட் முடிந்ததும் கட்டைவிரலால் மற்ற நான்கையும் தொட்டுப் பார்ப்பார், முதலில் வலது கை, அப்புறம் இடது. மோதிரம் போட மாட்டார். வாட்ச் கட்ட மாட்டார். ஷேர் ஆட்டோவில் கம்பிக்கு வெளியே யாராவது கையைத் தொங்கவிட்டால் அடுத்த சீட்டிலிருந்து எட்டி உள்ளே இழுத்துப் போடுவார். ஒரு முறை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையை இழுத்துவிட்டு, கவரைப்பேட்டை வரைக்கும் திட்டு வாங்கினார். "திட்டட்டும். கை உள்ள தான கீது" என்றார்.

இப்படிப்பட்டவர் வேலை முடிந்ததும் செய்தது என்னவென்றால், போர் எந்திரம் கட்டுவது. காகிதத்தில்.

புது பிரஸ் நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் தடியான புத்தகம் ஒன்றை மறந்துவிட்டுப் போயிருந்தார். பகடை உருட்டி, ஆளாளுக்கு ஒரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஒரு விளையாட்டின் விதிப்புத்தகம். அதில் பாதி, வண்டிகளும் ஆயுதங்களும் உருவாக்கும் விதிகள். அண்ணன் அதை மூன்று வருடம் லாக்கரில் வைத்திருந்து படம் மட்டும் பார்த்திருக்கிறார். என்னைக் கண்டதும் கொண்டுவந்து கொடுத்தார்.

"நைனா, நீ படிச்சவன். இதுல இன்னா போட்டுக்கீதுன்னு சொல்லு."

அகராதியை வைத்துக்கொண்டு நான்கு மாதம் படித்துச் சொன்னேன். உடம்பு என்ன மரம், என்ன உலோகம், எவ்வளவு கனம். எது இழுக்கிறது. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு சுமக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் வேகம், வலு, விலை வரும். அதில் இருந்தவை ராக்கெட்டும் டாங்கியும்தான். அண்ணன் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு விதிகளை மட்டும் வைத்துக்கொண்டார். எஞ்சினுக்குப் பதில் எட்டு ஜோடி மாடு. இரும்புக் கவசத்துக்குப் பதில் எருமைத்தோல் ஐந்து மடிப்பு. பழைய காலத்துத் தேர்ப்படை, கோட்டைக் கதவை இடிக்கும் உத்தரம், ஒட்டகத்தின் மேல் சுழல் பீரங்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். தாளில் கடைசிக்கு முந்தைய வரி, உடையும் எண். மூன்று பகடையின் கூட்டு அந்த எண்ணைத் தொட்டால் எந்திரம் உடையும். பகடைகளை டூல்ரூமில் சதுரக் கம்பியை அறுத்து, சாணை பிடித்து, புள்ளி குத்தி அவரே செய்தார். கேன்டீன் எவர்சில்வர் மேசையில் அவை விழும்போது பிரஸ் அடிப்பது போலவே கேட்கும். நான் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவேன்.

கடைசி வரியில்தான் தகராறு. புத்தகத்தில் அது விலை, ஏதோ ஒரு நாட்டுப் பணத்தில்.

"ராசாவுக்கு டப்பு ஒரு செலவா? ஆளு செலவு போடு" என்றார்.

ஆள் செலவை எப்படி எண்ணுவது என்று கேட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் டைம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த இழப்பீட்டுப் பட்டியலைக் காட்டினார். எந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு எத்தனை போனது என்று சொல்லும் பட்டியல். நான் தினம் அதைத் தாண்டித்தான் போவேன், படித்ததில்லை. அவருக்கு மனப்பாடம். கட்டைவிரல் முப்பது. ஆள்காட்டி பதினாலு. நடுவிரல் பன்னிரண்டு. மோதிர விரலோ சுண்டு விரலோ ஏழு.

"இத்தப் பாரு அநியாயத்த. ஆள்காட்டியும் நடுவிரலும் தனித்தனியா போச்சுனா இருபத்தாறு. ஒரே கைல ரெண்டு விரல்னு ஒண்ணா போச்சுனா இருபது. ஒண்ணா போனா வலி கொறஞ்சிருமா? நம்ம ரூல்ஸ்ல இருபத்தாறு தான்."

அப்படித்தான் எங்கள் தாள்களில் 'ஆள் செலவு' என்ற வரி வந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு ஆட உட்காருவோம். அண்ணன், குமரேசன், பேக்கிங்கில் இருந்த செல்வி அக்கா, நான். செல்வி அக்காவுக்கு அண்ணன் ஒரு தனி வேலை கொடுத்திருந்தார். உடைக்கிற ஆள். நாங்கள் எந்திரத்தைக் கட்டுவோம்; எப்படியெல்லாம் அது கெட்டுப்போகும் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டுக்கு மூத்த பெண். எது எங்கே உடையும் என்று அவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும்.

எதிரிப் படைக்கு நாங்கள் யாரும் பயந்ததில்லை. அண்ணன் கேட்கும் ஒரு கேள்விக்குத்தான் பயப்படுவோம்.

"யானைய வுட்டு கோட்டைக் கதவ முட்றேன்ணா" என்று ஒரு நாள் குமரேசன் சொன்னான்.

"பாகன் கை எங்க இருக்குது?"

"யானை மேல தான்."

"யானை மேலன்னா? காதாண்டையா, கயித்துலயா, அங்குசத்துலயா?"

"பாக்கெட்ல வுட்டுக்கினு கீறான்ணா."

"வேட்டி கட்னவனுக்கு ஏதுடா பாக்கெட்டு?" என்றார் செல்வி அக்கா. "எங்க வுட்டுக்கினு கீறான்னு ஒழுங்கா சொல்லுடா கொமரேசா."

டீ கொண்டுவந்தவர் வரைக்கும் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. "தெரியலன்னா உருட்டு" என்றார். பகடை விழுந்தது. பாகன் கயிற்றைக் கையில் சுற்றி வைத்திருந்தான் என்று வந்தது. யானை கதவில் மோதிப் பின்வாங்கியபோது கயிறு இறுகியது. அண்ணன் தாளில் எழுதினார்: கட்டைவிரல், முப்பது. பார்த்தவர் இரண்டு பேர், இரண்டு.

"பாத்தவனுக்கு இன்னாத்துக்குணா?"

"பாத்தவனுக்கு ஆளுக்கு ஒண்ணு. அதுக்கு டைம் ஆபீஸ் போர்டுல எடம் இல்ல. நான் எடம் போட்டுக்கீறேன்."

குமரேசன் கேலி செய்ய வாயெடுத்தான். அண்ணன் தன் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுக்கொண்டே சொன்னார்: "ஏழாம் நம்பர் மிஷின்ல, நான் சேந்த ரெண்டாவது வருஷம். என் பக்கத்து ஆளு. நான் பத்து விரலோட தான் ஊட்டுக்குப் போனேன். எட்டு நாளு சோத்துல கை வைக்க முடியல." அன்று குமரேசன் வடையைத் தொடாமலே எழுந்து போனான்.

அவர் ஃபைலை ஒரு நாள் நான் தனியாகப் புரட்டினேன். தேர், உத்தரம், பீரங்கி வண்டி. அதற்கடுத்த தாளில் 'பிரஸ், ஏழாம் நம்பர்' என்று இருந்தது. அதே விதிகள், அதே கட்டங்கள். எடை, வலு, உடையும் எண். அடுத்தது எட்டாம் நம்பர். ஷெட்டில் இருந்த எல்லா பிரஸ்ஸுக்கும் தாள் இருந்தது. பன்னிரண்டாம் நம்பர் தாளில், ஆட்கள் என்ற இடத்தில், பென்சிலில் எழுதி அழித்து எழுதியிருந்தார்: 'இன்ஸ்பெக்‌ஷன் பையன். பீஸ் எடுக்கும்போது கார்டைத் தூக்குகிறான். கை: உள்ளே.' கடைசி வரியில் ஆள் செலவு காலியாக இருந்தது.

அவசரத்துக்கு நான் கார்டை, கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பிவலையை, தூக்கிப் பீஸ் எடுப்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தக் காலி இடத்தைப் பார்த்த பிறகு நான் கார்டைத் தூக்கியதே இல்லை. தாளைப் பார்த்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தேன், அந்த வரியை அழித்திருந்தார்.

மேனேஜர் கண்ணில் கல்லெறி எந்திரத்தின் தாள் பட்டது எங்கள் கெட்ட நேரம். ஒரு பக்கம் பாரம், மறு பக்கம் நீண்ட கை. கையைக் கீழே இழுத்துப் பூட்டி, நுனியில் தொங்கும் பையில் கல்லை வைத்து விடுவித்தால் பாரம் இறங்கும், கை மேலே வீசும். "ஆயுத பூஜைக்கு இதைச் செய்யுங்கய்யா. திருஷ்டிப் பூசணிக்காயை இதுல வச்சு கேட்டுக்கு வெளிய அடிங்க. எம்.டி. வர்றார்" என்றார்.

"பேப்பர்ல போற விரலு மறுநாளே வளந்துரும் சார். இரும்புல போனா வளராது" என்றார் அண்ணன்.

மூன்று முறை மறுத்தார். அவரைச் சம்மதிக்க வைத்தது மேனேஜர் அல்ல, நான். அந்தத் தாளில் நான் போட்டிருந்த கணக்கு நிஜத்தில் எழுந்து நிற்பதைப் பார்க்க ஆசை. டிப்ளமா பையன் போட்ட கணக்கு என்று எம்.டி.யிடம் சொல்லுவார்கள் என்ற ஆசை. குமரேசனும் சேர்ந்துகொண்டான். கடைசியில் அண்ணன் இரண்டு நிபந்தனை போட்டார். எந்திரத்தின் கை இறங்கியிருக்கும் நேரமெல்லாம் சட்டத்திலும் கையிலும் உள்ள துளைகளைச் சேர்த்து ஒரு லாக் பின் நிற்க வேண்டும், நாற்பது மில்லிமீட்டர் கம்பியில். பூட்டியாயிற்று என்று ஒருவன் சொன்னால் இன்னொருவன் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். "கண்ணு பொய் சொல்லும். கை சொல்லாது."

டை தள்ளும் பழைய தள்ளுவண்டியில் சட்டம். பன்னிரண்டடிப் பைப்பில் கை. தகட்டுக் கழிவு நிரப்பிய டிரம் பாரம். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு செல்வி அக்கா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"இந்தப் பின்ன கழட்டினா எங்க வைப்பீங்க?"

"எங்கனா வைப்போம்கா" என்று நான் சிரித்தேன்.

"எங்கனான்ற எடத்துல தான் எல்லாம் காணாம போவுது" என்றார். அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். நான் எழுதிக்கொள்ளவில்லை.

பூஜை அன்று காலையில் இரண்டு முறை பையில் எதுவும் வைக்காமல் இழுத்துப் பார்த்தோம். பின் சரியாக உட்கார்ந்தது. அண்ணன் தொட்டுப் பார்த்தார். செக் லிஸ்டில் 'லாக் பின்: சரி' என்று நான் டிக் போட்டேன். பிறகு எந்திரத்தின் கையை மேலே விட்டுவிட்டோம், அந்த நிலையில் பின் தேவையில்லை. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்தேன். அண்ணன் இத்தனை மாதம் இந்த ஒரு கம்பியைப் பற்றித்தானே பேசினார், இதற்குத்தானே முதல் மரியாதை என்று தோன்றியது. சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர்களுக்கும் மைக்ரோமீட்டருக்கும் நடுவில் வைத்தேன். இதில் ஒரு கள்ளமும் இல்லை. மனசாரத்தான் செய்தேன்.

கற்பூரம் காட்டியாயிற்று. எம்.டி. வந்துவிட்டார். எந்திரத்தின் கையை இறக்கச் சொல்லி மேனேஜர் அவசரப்படுத்தினார். குமரேசன் செயின் பிளாக்கில் இழுத்து இறக்கி, விடுவிக்கும் கொக்கியை நைலான் கயிற்றில் மாட்டிவிட்டுச் செயினைக் கழற்றினான். நான் பின்னை எடுக்கப் போனேன். பூப்போட்டு, பொரி தூவி, பின் நடுவில் இருந்தது. கை நீட்டினேன். பக்கத்தில் நின்ற யாரோ, "பூஜைல வச்சத நாளைக்கு தான்பா தொடணும்" என்றார்கள்.

ஆறாவது படிக்கும்போது பூஜையில் வைத்த கணக்குப் புத்தகத்தைப் பரீட்சைக்கு என்று நடுவிலிருந்து உருவிவிட்டேன். அம்மா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். அந்த வீட்டில் இருந்த மொத்தப் புத்தகமும் அந்த அடுக்குதான். அடித்துவிட்டு அவரே அழுதார். நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கொக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது, ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை.

அண்ணன் பூசணிக்காயோடு வந்தார். மேலே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பையில் வைத்துவிட்டு எந்திரத்தின் பக்கம் திரும்பினார். அலங்காரத்துக்குக் கட்டிய சாமந்திச் சரம் பின் போகும் துளையை முழுக்க மூடியிருந்தது.

"பின்னு போட்டியா, நைனா?"

"டிக் போட்டிருக்குதுண்ணா" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் விதிப்படி, தொட்டுப் பார்க்க, சாமந்திச் சரத்துக்குள் வலது கையை விட்டார்.

வெயிலில் நின்ற நைலான் கயிறு அந்த நேரம் பார்த்து நீண்டுகொடுத்தது. எந்திரம் விடுபடவில்லை. அதன் கை இரண்டு கட்டைவிரல் அகலம் மேலே ஏறி நின்றது, அவ்வளவுதான். சட்டத்தின் துளையும் கையின் துளையும் ஒன்றையொன்று தாண்டின. எங்கள் பிரஸ்ஸில் தகடு வெட்டுப்படுவது அப்படித்தான். சத்தமே பெரிதாக வரவில்லை. கொட்டு அடிப்பவர்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் இருந்த இடத்திலேயே இருந்தது, கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

அண்ணன் அலறவில்லை. கையை வெளியே எடுத்து இடது கையால் பொத்திக்கொண்டார். கண்ணால் என்னைத் தேடினார்.

"உன் கை எங்க இருக்குது, நைனா?"

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவர் உதடு அசைந்தது, எண்ணினார். பத்து வந்த பிறகுதான் கீழே உட்கார்ந்தார்.

குமரேசன் ஐஸ் வைத்த டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு சென்னை வரைக்கும் வண்டியில் கூடப் போனான். இரண்டு விரலையும் ஒட்டவைக்க முடியவில்லை. மறுநாள் காலை பிரசாதத்தோடு வந்த செல்வி அக்கா நேராகப் பூஜை மேடைக்குப் போனார். பின்னை எடுத்தார், குங்குமத்தைத் துடைத்தார், என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்தத் துளையைப் பார்த்தாலும், ஜன்னல் தாழ்ப்பாள் துளையாக இருந்தாலும், என் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன.

இரண்டு மாதம் கழித்து, பெரியபாளையத்தில் பஸ் மாறி, ஊத்துக்கோட்டை போய், ஷேர் ஆட்டோவில் அவர் ஊருக்குப் போனேன். ஃபைல் என் பையில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதலில் என் கையைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தை.

வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு பின்னு இல்லண்ணா. பூஜைல இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றேன்.

"ஓட்டைக்குள்ள விரலு போச்சே, அப்பவே எனக்கும் தெரிஞ்சிச்சு. பின்னு இருந்தா விரலு போவாதே" என்றார். "இன்னாத்துக்கு எடுக்கல?"

புத்தக அடுக்கைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "எங்க ஊட்லயும் அப்டி தான். நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா சொல்லியிருப்பேன்" என்றார்.

கோபம் இல்லாமல்தான் சொன்னார். அதனாலேயே அதைத் தாங்க முடியவில்லை.

ஃபைலை வாங்கிக் கல்லெறி எந்திரத்தின் தாளை இடது கையால் உருவினார். கடைசி வரி காலியாக இருந்தது. பேனாவை இடது கையில் பிடித்துப் பார்த்தார், கோணிக்கொண்டு போனது. என்னிடம் நீட்டினார்.

"எழுது. ஆள்காட்டி பதினாலு. நடுவிரலு பன்னெண்டு."

"ஆபீஸ்ல ரெண்டும் சேத்து இருபதுன்னு தான்ணா போட்டுக்கீறாங்க."

"அது அவங்க ரூல்ஸு. நம்ம தாள்ல நம்ம ரூல்ஸு. இருபத்தாறு. பாத்தவன், கொமரேசன் ஒண்ணு. நீ ஒண்ணு."

"எனக்கு வேணாம்ணா."

"வேணாம்னா போயிருமா?"

அவர் மிச்சமிருந்த விரல்களைக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டிருந்தார். காலியாக இருந்த இடத்துக்கும் கட்டைவிரல் போய்வந்தது. நான் குனிந்து கூட்டினேன். இரண்டு முறை கூட்டினேன்.

ஆள் செலவு: இருபத்தெட்டு.